மூன்று கோகா இலைகள்

ஹென்றிகா கிளம்பியது கால்வாய் தூர்வாரும் நாளில். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் எங்கள் ஊரே மண்வெட்டியோடு ஓடையில் இறங்கியிருந்தது. எவுலோகியா அத்தை மட்டும் வரவில்லை. ஹென்றிகாவின் கற்பெட்டிகள் ஏறிய வண்டி கணவாயைத் தாண்டும்வரை சாலையோரம் நின்றாள்.

கல் ஆராய வந்த அந்த ஜெர்மன்காரிக்கு மூன்று வாரம் வண்டி ஓட்டியவள் அத்தைதான். செவ்வாய் கிரகத்திலும் அடுக்கடுக்கான பாறைகள் உண்டாம். அவற்றை அடுக்கியது தண்ணீரா காற்றா என்று தெரியவேண்டுமாம். அதற்கு எங்கள் மலைக் கல்லோடு ஒப்பிடவேண்டுமாம்.

"செவ்வாய்க்குப் போற வழியில லித்தியம் கெடைக்குமாம்மா?" என்று கேட்டாள் அத்தை.

"எனக்கு லித்தியம் வேண்டாம், எவுலோகியா."

"போன தடவை வந்தவனும் பறவை எண்ணத்தான் வந்தேன்னான். அப்புறம்தான் லித்தியம் எடுக்க வந்து தண்ணிய உறிஞ்சுனாங்க, பக்கத்து ஊர் ஊத்து வத்துச்சு."

எங்களுக்கு இருப்பதும் ஒரே ஊற்று.

ஹென்றிகா பாறையை உடைக்கும்போதெல்லாம் அத்தை அந்தக் குழியில் மூன்று கோகா இலை வைப்பாள். மண்ணிடமிருந்து எதை எடுத்தாலும், எடுத்த இடத்தில் இலை வைப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் ஹென்றிகா ஒரு கல்லைக் காட்டினாள். "இதுல உருண்டைக் கூழாங்கல் ஒட்டியிருக்கு பாருங்க. இது தண்ணி உருட்டுனது. மெல்லிசா சாஞ்ச வரி இருந்தா காத்து அடுக்குனது."

தண்ணி என்ற சொல் அத்தைக்குப் போதுமானதாக இருந்தது. ஹென்றிகா கிளம்புவதற்கு முந்தைய மதியம் அவளுடைய கூடாரத்திலிருந்து அத்தை வெளியே வந்தபோது பாவாடை மடி கனத்துத் தொங்கியது.

"என்ன அத்தை அது?"

"கூழாங்கல் ஒட்டுனது மூணு. பதிலுக்கு வரி போட்ட கல்லை வெச்சுட்டேன். இங்க காத்துதான் இருக்குன்னு போய்ச் சொல்லட்டும். நீ வாயத் தொறந்தே, தொலைஞ்ச. ஊர் ஊரா சுத்தினவளை நம்பவே எனக்குப் பயமாயிருக்கு."

கற்கள் அத்தையின் கட்டிலுக்கடியில் போயின. ஊற்று வற்றவில்லை. ஆனாலும் கணவாயில் எந்த வண்டி தெரிந்தாலும் வாசலுக்கு வந்துவிடுவாள்.

இரண்டு ஆண்டு கழித்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"எவுலோகியாவுக்கு. பெட்டிக்குள் இருந்த பைகளில் மூன்றில் கல்லோடு கோகா இலைகள் இருந்தன. நீங்கள் பையிலிருந்து எதையோ எடுத்திருக்கிறீர்கள் என்று திறந்த அன்றே புரிந்தது. ஏன் என்று புரியத்தான் இத்தனை நாள் ஆனது. கட்டுரையில் ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த மூன்று கற்கள் இல்லாமல் செவ்வாயைப் பற்றிய கேள்வி பாதியில் நிற்கிறது. கால்வாய் தூர்வாரும் நாளில் வருகிறேன். எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வையுங்கள்."

அத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"மண்வெட்டி எதுக்காம்? எங்க தோண்டப் போறாளாம்?"