அத்தைக்கும் ஒரு அத்தை

அகேசா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கல்யாணத்தன்று. என் தாய்வீட்டார் கொண்டுவந்த பாய்களில் ஆக நல்லதைச் சுருட்டி, "இது அகேசாவுக்கு" என்று மாப்பிள்ளை வீட்டார் தூக்கிப் போனார்கள். மாப்பிள்ளையின் அக்கா அவள். எங்கள் டோங்காத் தீவில் அப்பாவின் அக்கா எதைக் கேட்டாலும் தம்பி வீட்டில் யாரும் மறுத்துப் பேசக் கூடாது. பாயோடு போகட்டும் என்று விட்டேன். போகவில்லை.

தன் புருஷன் செத்ததும் அகேசா எங்கள் வீட்டிலேயே வந்து படுத்துக்கொண்டாள். படுத்தாளே தவிர, தூங்கவில்லை. "லூப்பே, அத்தை கால அமுக்குடி" என்று என் மகளைக் கூப்பிடுவாள். சேவல் கூவும்வரை ஊர்வம்பு. பிள்ளைக்குக் கண் செருகினால் தொடையில் ஒரு கிள்ளு. விடிந்ததும் இவள் குறட்டை விடுவாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

லூப்பேவுக்குச் சளி போனால் காய்ச்சல், காய்ச்சல் போனால் கட்டி. கடைசியில் மூச்சே இழுத்தது. நர்ஸ் செய்னி என்னைத்தான் திட்டினாள்.

"மருந்த மட்டும் ஊத்தி என்ன பண்ண? தூங்கறப்பதான் உடம்பு நோயோட சண்டை போடத் தெம்பு சேர்க்கும். இன்னொரு தடவ இப்படி வந்தா பிள்ள தாங்காது."

என் வீட்டுக்காரன் மனாசேயிடம் சொன்னேன். அக்கா இருக்கும் அறையில் தம்பி கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். "அக்காகிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்று கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டான். நானே கேட்டேன்.

"அண்ணி, பிள்ள கொஞ்சம் தூங்கட்டுமே."

"எங்க வம்சத்துல யாரும் இருமினதில்ல. அது உன் வீட்டு ரத்தம்."

அன்றைக்குத்தான் உறைத்தது. அவளுக்கும் ஓர் அத்தை உண்டே. என் மாமனாரின் அக்கா வைஓலா, கண் தெரியாதவள், கடலோரத்தில் தனியாக இருந்தாள். ஒரு பன்றிக்குட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். தின்றுமுடித்துக் கையைத் துடைத்தாள்.

"அவள இங்க வந்து இருக்கச் சொல்லு. எனக்கும் கால் வலிக்குது."

அகேசாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. வாசலில் நின்று, "பாம்புடி நீ" என்றாள்.

"பாய மறந்துடாதீங்க, அண்ணி."

அன்று முதல் லூப்பே பொழுது சாய்ந்ததும் தூங்கினாள். அடுத்த மழைக்கு ஊரே இருமியது. அவளுக்கும் தொற்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுந்து கோயிலில் பாடினாள்.

வைஓலா போய்ச் சேர்ந்துவிட்டாள். அகேசா அந்தக் கடலோர வீட்டில்தான் இருக்கிறாள். விளக்கு விடியும்வரை எரிகிறது, கால் அமுக்க ஆளில்லை.