மாமு கொண்டுவந்த பச்சைச் சாயா

எங்கள் சந்தில் அத்தாவுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. தேயிலையை ஏலத்துக்கு அனுப்பும் முன் ருசி பார்த்துத் தரம் சொல்லும் ஒரு கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். ராவுத்தர் ஒரு வாய் உறிஞ்சினால் எந்த மலையின் இலை என்று சொல்லிவிடுவார் என்று மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து ஆட்கள் பேசிக்கொள்வார்கள். அத்தா அதை மறுத்ததில்லை. உண்மையில் அங்கே அவர் தண்ணீர் கொதிக்க வைத்தார், இலையை நிறுத்துப் போட்டார், கோப்பை கழுவினார். ருசி பார்த்தது வேறு ஆட்கள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த ஒரே வெளி ஆள் மாமு, அம்மாவின் தம்பி.

வீட்டிலும் அத்தா சாதாரணமாகக் குடிக்க மாட்டார். அவர் உறிஞ்சும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வாயில் உருட்டுவார், கன்னத்தை இரண்டு பக்கமும் அசைப்பார், முற்றத்தில் துப்பிவிட்டு, கம்பெனியில் ருசி பார்ப்பவர்கள் நல்ல சாயாவுக்குச் சொல்வதுபோல் "பிரிஸ்க்" என்பார். தான் போட்ட சாயாவைத் துப்புவது அம்மாவுக்குப் பிடிக்காது. நானும் தங்கையும் கஞ்சியைக்கூட அப்படித்தான் உறிஞ்சிக் குடித்தோம்.

மாமு கப்பலில் சமையல் வேலை செய்தார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அத்தா, "சட்டி கழுவுறதுக்கு எதுக்கு கடல் தாண்டிப் போகணும்?" என்பார். அது மாமுவின் காதுக்கும் போயிருந்தது. நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் (அதுதான் நான் படித்த கடைசி வகுப்பும்) அவர் லீவில் வந்தபோது ஒரு சின்ன மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்தார். ஹாங்காங்கில் வாங்கிய பச்சைத் தேயிலை. கூட வேலை பார்த்த சீனக்காரனோடு நான்கு வருஷமாகத் தினமும் அதைத்தான் குடிப்பதாகச் சொன்னார்.

"பால், சக்கரை எதுவும் கூடாது மச்சான். தண்ணியும் கொதிக்கக் கொதிக்க ஊத்தக்கூடாது. கொதி அடங்கட்டும்னு சீனன் காத்திருப்பான்."

"கொதி அடங்கின தண்ணில முட்டைகூட வேகாது, மாப்ளே."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நீங்களே போடுங்க. ருசி பார்த்துச் சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன். சேட்டனும் வரட்டும்."

சேட்டன் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர், சுக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர். அவர் காதில் விழுந்த சங்கதி சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் போய்விடும். அத்தா சம்மதித்தார். அம்மா மட்டும் தம்பியைப் பார்த்து, "உனக்கு வேற வேலையே இல்லையாடா" என்றாள்.

புதன்கிழமை அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது டப்பாவை எடுத்தேன். மோந்து பார்க்கத்தான் எடுத்தேன். மூடி இறுகியிருந்தது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்ததில் மூடி என் கையோடு வந்தது, டப்பா கவிழ்ந்தது. கீழே அம்மா மத்தி கழுவிய தண்ணீரோடு வைத்திருந்த சட்டி. சீனாவின் இலை முழுக்க மீன் செதிளோடு மிதந்தது.

நான் அழவில்லை. எனக்குச் சமாளித்துப் பேசத்தான் வராதே தவிர, காரியம் வரும். சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சேட்டன் வீட்டு வேலியோரம் ஒரு கொய்யா மரம் நின்றது. கொழுந்தாகப் பார்த்துப் பறித்துவந்து, தோசைக்கல்லில் போட்டு வாட்டி, உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிச் சுருட்டினேன். மறுநாள் ஓட்டின் மேல் காயவைத்து டப்பாவை நிரப்பினேன். சீனாக்காரர்களும் பச்சை இலையைச் சட்டியில் வாட்டித்தான் சுருட்டுகிறார்கள் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து வந்ததும் அத்தா தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். விளிம்பு உடைந்ததால் கம்பெனியில் கழித்துவிட்ட, மூடியுள்ள கோப்பைகள் மூன்று எங்களிடம் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை இலை போட்டார். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஊற்றினார். மாமு சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்திருந்தார். மூடியைத் திறந்தபோது தண்ணீர் இளமஞ்சளாக இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தா உறிஞ்சினார். வாயில் உருட்டினார். பிறகு கன்னம் அசையாமல் நின்றது. நான் துப்பப்போகிறார் என்று பார்த்தேன். அவர் விழுங்கிவிட்டார்.

"நல்ல இலை," என்றார். "மலை இலைதான். பறிச்ச அன்னைக்கே வாட்டியிருக்கான். வாட்டினவன் கை புதுசு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

சேட்டன் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். "ராவுத்தரே, இது ஞான் எவிடயோ குடிச்சிட்டுண்டல்லோ. வயறு கேடானப்போ எங்க அம்மை..."

"சேட்டா, பழம்பொரி ஆறிப்போகுது," என்று அம்மா தட்டை அவர் மடியிலேயே வைத்தாள்.

சேட்டன் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நல்ல சாயாவாணு," என்று சொல்லிவிட்டுப் பழம்பொரியைக் கடித்தார்.

மாமு கோப்பையை எடுத்தார். அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்தது. கோப்பையை வாயில் வைத்தபோதும் சிரிப்பு இருந்தது. எடுத்தபோது இல்லை. கோப்பைக்குள் பார்த்தார். மூடியை எடுத்து அதில் ஒட்டியிருந்த விரிந்த இலையைப் பார்த்தார். அத்தா ஏற்கெனவே துடைத்துவைத்த ஒரு மூடியை எடுத்து மறுபடியும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் மச்சான்," என்றார் மாமு. "நாலு வருஷமா குடிக்கிறேன். எனக்கு இவ்வளவு சொல்லத் தெரியாது."

பிறகு மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று கோப்பையை நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் சங்கதி கடைத்தெரு முழுக்கப் போயிற்று. ராவுத்தர் சீனா இலையையும் சொல்லிவிட்டார் என்றார்கள். அத்தா அதன் பிறகு மாமுவைச் சட்டி கழுவுகிறவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நானோ அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என் கைப்பக்குவம் நான்கு பெரியவர்களை ஏமாற்றிவிட்டது. பெரியவர்களுக்கு நாக்கே கிடையாது என்று தங்கையிடம் ரகசியமாகச் சொன்னேன். அந்த இரண்டாவது கோப்பையை மாமு குடித்து முடிக்கும்வரை நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தா மூடியைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். சேட்டன் தன் வீட்டு வேலிப் பக்கம் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் ஏன் பார்க்கவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.