கேக் பெட்டியில் செய்த வாழ்த்து

மாத்திரை அட்டையிலிருந்து உரித்த வெள்ளித்தாளை முழங்காலில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் நீவி நீவிச் சுருக்கம் எடுப்பார் அக்கா. அவரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த நகம்தான். அந்தத் தாளை நட்சத்திரமாக வெட்டி ஓர் அட்டையில் பதித்து, கிழிந்த புடவையின் சரிகைக் கரையை வாலாக ஒட்டினால் கிறிஸ்துமஸ் வாழ்த்து தயார். வருடத்துக்கு ஒன்றே ஒன்று, ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து தங்கியிருந்தோம். மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், திருநெல்வேலிப் பக்கம். கணவர் அடித்ததில் இடது காது கேட்காது. அந்தக் கணவருக்குத் தெரியாமல்தான் இங்கே வந்து இருந்தார். அம்மாவின் செல்போனை அந்த ஆள் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிப் பார்ப்பாராம். அதனால் பேச்சு கிடையாது. பெயர் எழுதாத ஒரு வாழ்த்து மட்டும். வேலூரில் இருக்கும் என் வீட்டுக்கு நான் போகும்போது அங்கே தபாலில் சேர்ப்பேன். தாம்பரம் முத்திரை விழக்கூடாது.

கடையில் வாங்கி அனுப்பினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“கடை அட்டைய யாரு வேணும்னாலும் போடலாம். இதத் தொட்டுப் பாத்தா என் கைன்னு அம்மைக்குத் தெரியும்லா?” என்றார்.

மூன்றாவது வருடம் அக்காவுக்குக் காய்ச்சல். அட்டையை நான் வெட்டினேன். தெருமுனை பேக்கரியின் கேக் பெட்டி நல்ல கெட்டியாக இருந்தது. அச்சடித்த பக்கத்தின் மேல் நோட்டுத் தாளை மைதாப் பசையால் ஒட்டினேன். படுத்தபடியே அக்கா நட்சத்திரத்தை ஒட்டினார். நான் வேலூரில் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மிச்ச அட்டையில் எனக்கும் ஒன்று செய்து ஜன்னலில் வைத்திருந்தேன். காலை வெயில் அதன் மேல் விழுந்தது. பசை காய்ந்த தாளுக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன: பேக்கரியின் பெயர், எங்கள் தெரு, கிழக்குத் தாம்பரம். ஒருநாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். மறுநாள் சொன்னபோது அக்கா திட்டவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, எந்நேரமும் கிளம்பத் தயாராகத் துணிகளை அடுக்கினார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அக்கா வேலைக்கு வரவில்லை. ஜன்னலையும் திறக்கவில்லை. நான் மட்டும் ரயிலில் போய் வந்தேன். பிளாட்பாரத்தில் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு ஆணும் அக்காவின் கணவராக இருக்குமோ என்று தோன்றும். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் மாலை ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனேன். கல்லாவுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் வேர்வை. கையில் எங்கள் அட்டை. தாள் பாதி உரிந்திருந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது.

“என் வீட்டுக்காரிம்மா. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. அவளப் பெத்த தாய் அங்க அழுதுக்கிட்டு கெடக்கா. இவள இந்தப் பக்கம் பாத்திருக்கியளா?” என்று கல்லாவில் இருந்த அம்மாவிடம் ஒரு போட்டோவை நீட்டினார். அவ்வளவு மரியாதையான குரல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த அம்மாவுக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ.

“தெர்லியேப்பா. ஆயிரம் பேரு வந்துகினு போயிகினு கீறாங்க, யாருன்னு ஞாபகம் வெச்சிக்கிறது? உனக்கு இன்னாம்மா வேணும்?”

“ஒரு பாக்கெட் ரொட்டி” என்றேன். அந்த ஆள் போட்டோவை என் பக்கம் திருப்பினார். புடவையில், இன்னும் மெலியாத அக்கா. தெரியாது என்று தலையாட்டினேன். வீட்டுக்கு நேராகப் போகாமல் நாலு தெரு சுற்றினேன். பின்னால் கேட்ட செருப்புச் சத்தமெல்லாம் அவருடையதாகவே கேட்டது.

நான் வந்து சொன்ன அரை மணி நேரத்தில் அக்கா புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். எங்கே போகிறார் என்று கேட்டேன்.

“ஒனக்குத் தெரிய வேண்டாம் பிள்ள. கேட்டு வந்தான்னா நீ பொய் சொல்ல வேண்டியதில்ல. இனிமே யாருக்கும் அட்டை போட மாட்டேன், அம்மைக்குங்கூட. அட்டை வரலைன்னா நல்லா இருக்கேன்னு வெச்சுக்கோ” என்றார். பெண்கள் பெட்டியில் ஏறியவர், கேட்கும் காதை என் பக்கம் திருப்பி நின்றார்.

அக்காவின் கணவர் இரண்டு முறை எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தார். பிறகு வரவில்லை. நானும் அறையை மாற்றினேன். கல்யாணமாகி இப்போது சேலையூரில் இருக்கிறேன். போன டிசம்பரில் அனுப்பியவர் பெயர் இல்லாத ஓர் உறை வந்தது. பிரிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். என் மகளின் பள்ளித்தோழி அனுப்பிய வாழ்த்து அது. கடையில் வாங்கியது. அக்காவுடையது இல்லை என்று தெரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து, ‘நல்லா இருக்காங்க’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.