வெறுமையாக விட்ட இடம்

ஜெர்மனியில் எங்கள் கிடங்கைக் கவனிக்கும் கிரேட்டா, தினமும் என் மேசையருகே நின்று, கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்து, "கணினி கெட்டுவிட்டதா?" என்று கேட்பார். "இல்லை, வேலை செய்கிறேன்" என்பேன். மறுநாளும் அதே கேள்வி. மவுஸைத் தொடாமல் கட்டளைகளைத் தட்டியே பழகியவன் நான். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வாரம் அவருக்கும் அப்படியொரு கறுப்புத் திரை மென்பொருளைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தேன். அழிக்கும் கட்டளையைத் தட்டியவர், எந்தச் சரக்குத் தொகுதி என்று குறிக்கும் லாட் எண்ணைப் போடாமல் என்டரை அழுத்தினார். எல்லாப் பதிவும் போய்விட்டது. "இது என் தவறில்லை, உங்களுடையது" என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு காபி குடிக்கப் போனார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியில், ஸ்டோர் வரவு பதியும் ரோசி அக்காவும் இப்படித்தான் லாட் எண்ணைப் போடாமல் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். அங்கே தோல் வரவு நோட்டில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால், மேல் வரியில் உள்ளதேதான் என்று அர்த்தம். என் மென்பொருளிலோ வெறுமையாக விட்டால் எல்லா லாட்டும் என்று அர்த்தம். பழைய புரோகிராமர்களின் வழக்கம் அது, யோசிக்காமல் எழுதியிருந்தேன். ஒரு வருடப் பதிவு அழிந்தது.

"என் தப்புதான் சார். தம்பி ஒயுங்காதான் சொல்லிக் குடுத்துச்சு" என்று அக்கா மேனேஜரிடம் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஜெர்மனி வேலைக்கான அனுபவச் சான்றிதழில் அந்த மேனேஜர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அக்காவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை.

இந்த முறை, லாட் எண் இல்லாமல் எதுவும் அழியாதபடி திருத்தினேன். பத்து நிமிட வேலை. பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அன்னிக்கு அழிஞ்சது உங்க தப்பில்ல. நான்தான் தப்பா எழுதியிருந்தேன்."

அவருக்குப் பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அன்னிக்கே தெரியுமா தம்பி உனக்கு?"

"தெரியும்கா."

"சரி, வெச்சிட்றேன். சூப்பர்வைசர் பாக்கறாரு."

கிரேட்டா வந்து, இப்போது எளிதாக இருக்கிறது என்று என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல பெயர் அது. ஆம்பூரிலும் எனக்கு நல்ல பெயர்தான். அதற்காக ரோசி அக்கா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.