கோர்ட் கொடுத்த லீவு

இன்னிக்கு எங்க விவாகரத்து வழக்குக்காக ஜார்ஜ்டவுன் கோர்ட்டுக்குப் போயிருந்தோம். நீதிபதி வரலையாம். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க.

வாசல்ல வச்சு அவர் கேட்டார்: "உனக்கும் முழு நாள் லீவா?"

"ஆமா."

"அப்ப வா, சாப்பிட்டுப் போகலாம்."

எங்க ரெண்டு பேருக்கும் கடலுக்கு அக்கரையில, பிறையில ஒரே ஃபேக்டரி. அவருக்குப் பகல் ஷிஃப்ட், எனக்கு ராத்திரி. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே நாள்ல லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. கோர்ட் சம்மனைப் பார்த்ததும் சூப்பர்வைசர் மறுபேச்சு இல்லாம விட்டுட்டார்.

கடையில இறால் போட்டுப் பிரட்டின மீ கோரெங் நூடுல்ஸ் வந்துச்சு. அவர் இறாலை எல்லாம் பொறுக்கி என் தட்டுல வச்சார்.

"ஏன், பிடிக்காதா?"

"சாப்பிட்டா உடம்பெல்லாம் அரிக்கும் லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. சாயங்காலம் வேலைக்குக் கிளம்புறப்ப அவருக்காக நான் மூடி வச்சிட்டுப் போனதெல்லாம் பெரும்பாலும் இறால் சம்பல்தான்.

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

"நீ ஆக்கி வச்சதாச்சே."

ஃபெரி வரைக்கும் சேர்ந்தே நடந்தோம்.

அடுத்த மாசக் கோர்ட்டுக்கும் ரெண்டு பேருக்கும் லீவு கிடைச்சிடும். இப்ப வழக்கை வாபஸ் வாங்கினா அந்த லீவு போயிடுமே! என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.