சதுரடியாரின் வளைந்து போன வெட்டு

தரைக்கு வினைல் ஷீட் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் வங்கி, மருத்துவமனை, உடற்பயிற்சிக்கூடம் என்று அவர் கைபடாத தரை குறைவு. எதையும் சதுர அடியில்தான் பேசுவார். அதனால் பெயரே சதுரடியார் என்றாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அன்று அவர் காலை வாரிவிட்டது.

மறுநாள் காலை மகளின் தையல்கடை திறப்பு. அறை ஆறடிக்கு ஆறடி. ஷீட் விற்கும் மொத்த வியாபாரக் கடைக்குப் போன் போட்டு, "முப்பத்தாறு சதுர அடி அனுப்பு" என்று கம்பீரமாகச் சொல்லியிருந்தார். வந்ததும் முப்பத்தாறுதான், ஒன்பதடி நீளம், நாலடி அகலம். அந்த நிறத்தில் அதுவே கடைசித் துண்டு.

"அப்பா, என் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கு. அங்கங்க ஒட்டுப்போட்டா மாட்டிக்கும். ரெண்டே துண்டு, ஒரே இணைப்பு. முடியாதுன்னா சொல்லிடுங்க, வெறும் தரையிலயே திறந்துக்கறேன்" என்றாள் மகள்.

அவர் மகள் கடையில் வெறும் தரையா? ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

கணக்கு வாத்தியாரான மச்சான் சுவரில் சாய்ந்தபடி உதட்டைப் பிதுக்கினார். "நேரா வெட்டினா மூணு துண்டு வரும் மாமா. ரெண்டுல முடிக்க வழியே இல்ல."

"வழியே இல்லன்னு கண்டுபிடிச்சிட்டியா, இல்ல உனக்குத் தெரியலையா?"



அடிக்கு ஒரு அங்குலமாகச் செய்தித்தாளில் அளவெடுத்து வெட்டத் தொடங்கினார் சதுரடியார். பத்துத் தாள் வீணானது.

"பதினொண்ணாவதும் தப்பாத்தான் போகும். வாய்ப்பு அப்படித்தான் சொல்லுது."

"இது என்ன பகடையா மச்சான், விழுந்ததே திரும்ப விழ? ஒவ்வொரு தப்பும் ஒரு வழியை அடைச்சிட்டுப் போகுது. மிச்சம் குறையுது பாரு."

நேராக வெட்டிய பத்தும் தோற்றால், கத்தி ஏன் நேராகப் போக வேண்டும்? பதினோராவது தாளின் நீள ஓரத்தில் மூன்றாவது அங்குலத்தில் கத்தியை வைத்து, இரண்டு அங்குலம் கீழே இறக்கி, மூன்று பக்கவாட்டில் ஓட்டி, மறுபடி இரண்டு இறக்கினார். இரண்டு படிக்கட்டுகள். ஒன்றை ஒரு படி மேலே நகர்த்தினார். ஆறுக்கு ஆறு, அச்சடித்தாற்போல்.

மச்சான் ஸ்கேலை எடுத்து நான்கு பக்கமும் அளந்தார். பிறகு இன்னொரு தடவை அளந்தார்.

ஷீட்டையும் அதே படிக்கட்டாக வெட்டினார் சதுரடியார். ஒட்டி முடித்ததும் மகள் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உருண்டாள். சக்கரம் முனகக்கூட இல்லை.

"மாமா, ஒருக்கா தள்ளுங்க" என்றாள். மச்சான் தள்ளினார்.