அட்மிரலின் லிஃப்ட்

அவள் புருஷனுக்குத் தெருவில் அட்மிரல் என்று பேர். வைத்தவள் அவளுடைய அக்கா, கேலிக்குத்தான் வைத்தாள். அந்த மனுஷனோ அதைப் பட்டமாக வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டான். அவனுக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறினால் குமட்டும். குழாயும் வாளியும் விற்கிற கடையில் மேற்பார்வை உத்தியோகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மஞ்சள் பட்டை வைத்த வெள்ளைத் தொப்பியோடு அவன் நிற்கிற நிற்பைப் பார்த்தால், கடல் அத்தனையும் அவன் வீட்டு வாசலில் வந்து கைகட்டி நிற்பதாகத் தோன்றும்.

கப்பல் என்று அவன் சொன்னது, வீட்டுக் கூடத்தில் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்த பாய்மரக் கப்பல் மாடலை. பொம்மை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, மூக்கு சிவந்துவிடும். ஒரு கட்டில் நீளம் இருக்கும். காற்றில் கவிழாமல் நிற்க அடிவயிற்றில் ஈயக்கட்டி தொங்கும். அதனால் ஓர் ஆளின் கனம்.

அந்தக் கனத்தைக் குனிந்து தண்ணீரில் இறக்க அட்மிரலின் முதுகு சம்மதிக்குமா? ஒரு லிஃப்ட் செய்துகொண்டான். சக்கரம் வைத்த இரும்புச் சட்டம், மேலே நீட்டிய ஒரு கை, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் கம்பி. கொக்கியில் இரண்டு அகலமான பட்டைகள். ஈயக்கட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வயிற்றுக்கடியில் கொடுத்து, விலகிவிடாமல் இரண்டையும் கயிற்றால் பிணைக்க வேண்டும். தண்ணீரில் கப்பல் மிதந்ததும் பட்டை தளர்ந்துவிடும். ஒரு முனையைக் கழற்றி உருவிக்கொள்ளலாம்.

பட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். கார் சீட் கவர் தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. வார்னிஷில் கீறல் விழக் கூடாதென்று அவன் உயிரை எடுத்ததால், உள்பக்கம் மெத்தென்று கம்பளித் துணி வைத்துத் தைத்தாள்.

மரக்கட்டைக்குக் கம்பளி மெத்தை! பின்னறையில், பெற்ற அப்பன்?

மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் அவர் உடம்பில் பாதியைப் பறித்துக்கொண்டு போயிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவரைத் தூக்கிவைக்க மருமகளின் இரண்டு கைகளை விட்டால் நாதியில்லை. ஒரு நாள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கைநழுவி, பெரியவர் தரையில் விழுந்தார். சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து மகனின் குரல் வந்தது.

"கப்பல் மேல ஒண்ணும் விழலியே?"

கல்நெஞ்சன் என்று சொன்னால் கல் கோபித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் அவள் கவனித்தாள். வைத்த தம்ளர் வைத்தபடியே இருந்தது. பெரியவரின் உதடு வெடித்துக் கிடந்தது.

"ஏன் மாமா, தண்ணியே குடிக்கல?"

"தாகமில்லம்மா."

"எங்கிட்டயே பொய்யா?"

அவர் சுவரைப் பார்த்தார். "குடிச்சா போகணும். போகணும்னா நீ தூக்கணும். டேங்க்ல ஊத்தலன்னா வழியில நிறுத்த வேண்டியதில்ல பாரு."

சிரிக்கத்தான் சொன்னார். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். வந்து பார்த்த டாக்டர், இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும், ஆளே மிஞ்சமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்மிரல் கப்பலுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். அவள் அருகில் போய் நின்றாள்.

"ஏங்க, அந்த லிஃப்ட்ட மாமாவுக்குக் குடுங்களேன். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தானே வேணும்?"

"மூளை இருக்கா உனக்கு? அது கப்பலுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது."

"மாமா அதவிட லேசுதாங்க."

"பெல்ட்டு நனைஞ்சிடும்."

அவள் அவனையே பார்த்தாள். ஏரியில் முக்கி எடுப்பதற்காகவே தைத்த பட்டை!

"நனைஞ்சிடுமா?"

"அப்பாவக் குளிப்பாட்டறப்ப சோப்புத் தண்ணி படும்ல? உனக்கெல்லாம் சொன்னா புரியாது, போ."

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் பயந்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். அன்று அவளுக்கு வந்தது அருவருப்பு. சோற்றில் முடியைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கப்பல் வெள்ளோட்டத்துக்கு நாள் வந்தது. அட்மிரல் தொப்பியை மாட்டிக்கொண்டு வேன் கொண்டுவரப் போனான். அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் அவள் லிஃப்ட்டைப் பின்னறைக்கு உருட்டினாள். கப்பலோடு வெளியே போக வேண்டுமென்று கதவின் அகலத்துக்கு அடக்கமாகச் செய்திருந்தான். தகப்பன் அறைக்குள்ளும் அது தாராளமாக நுழைந்தது.

ஒரு பட்டையை அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றிக் கொடுத்தாள். இன்னொன்றைத் தொடைக்கு அடியில். நடுவில் கயிறு போதாது, இடுப்பு தொங்கிவிடும் என்று பட்டறையில் மிஞ்சிய சீட் கவர் துணியைத் தைத்து வைத்திருந்தாள். அதை இரண்டுக்கும் குறுக்கே மாட்டினாள்.

"மாமா, பயமா இருக்கா?"

"ஸ்டியரிங் உன் கையில. எனக்கென்ன பயம்? மேடு பள்ளம் பாத்து எடு."

கைப்பிடியைச் சுற்றினாள். கம்பி விறைத்தது. பெரியவர் கட்டிலை விட்டு எழும்பினார். அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

வாசலில் ஹாரன் அலறியது. அட்மிரல் உள்ளே பாய்ந்தான். பின்னாலேயே, ஏரியில் மாடல் கப்பல் விடுகிற கிளப்பின் தலைவரான பல் டாக்டரும், அதே கிளப்பைச் சேர்ந்த ஒரு மீசைக்காரரும்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ற? எறக்கு அப்பாவ! வேன் நிக்குது!"

அந்தரத்தில் ஆடிக்கொண்டே அப்பா சொன்னார்: "டேய், சும்மா ஹாரன் அடிக்காத. ஓவர்டேக் பண்ண எடமில்ல."

பல் டாக்டர் வாயைப் பிளந்து நின்றார். "அடடா! இது ஆளையும் தூக்குமா? எங்கம்மாவத் தூக்கித் தூக்கி என் தம்பிக்கு முதுகே போச்சு சார். யாரோட யோசனை இது?"

ஒரு நொடி, புருஷன் தலைகுனிவான் என்று அந்தப் பேதை நினைத்தாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"என்னுதுதான் சார். அப்பாவுக்குன்னுதான் டிசைனே போட்டேன். கப்பலெல்லாம் அப்புறம்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. குடிக்காத தண்ணீர், கைநழுவிய நாள், சோப்புத் தண்ணி, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. கொட்டிவிடலாம். கொட்டினால் லிஃப்ட் வேனில் ஏறிவிடும். எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"ஆமா சார்," என்றாள். "இனிமே இது இந்த ரூம விட்டு நகரக் கூடாதுன்னு காலையிலதான் சொன்னாரு. கப்பலக் கையாலயே தூக்கிக்கறேன்னுட்டாரு."

"பெரிய மனசு சார் உங்களுக்கு!" பல் டாக்டர் அட்மிரலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அட்மிரல் லிஃப்ட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, கூடத்துக்குப் போய்க் கப்பலின் ஒரு முனையைப் பிடித்தான்.

மூன்று பேருமாக அதை வேனுக்குச் சுமந்து போனார்கள். ஏரியில் படித்துறைப் பலகை மேல் குப்புறப் படுத்துத்தான் அவன் கப்பலை இறக்கினானாம். தொப்பி தண்ணீரோடு போயிற்றாம்.

வெட்கம் வந்ததா? யாருக்கு? அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பின்னறைக்கு அழைத்துப் போய், இரும்புச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு, தகப்பனுக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவள் ஒரு வார்த்தை திருத்துவதில்லை. அந்தப் புளுகு நிற்கிறவரை லிஃப்ட்டும் அங்கே நிற்கும்.

"இவனப் பெத்ததுக்கு நான்தாம்மா வெக்கப்படணும்," என்றார் மாமனார், விருந்தாளிகள் போன பிறகு.

"விடுங்க மாமா. இன்னும் நாலு பேர்கிட்ட சொல்லட்டும்."

அவர் காலித் தம்ளரை நீட்டினார். அவள் வாங்கி, நிரப்பிக் கொடுத்தாள்.